முதுகில் ஏழு கிலோ

குறைந்த காசில் வெளிநாடு சுற்றக் கிளம்பும் தமிழ் இளைஞர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? சறுக்கிய இடத்தில் கை கொடுப்பது யார்?

வடக்குத் தாய்லாந்தின் மலைகளுக்கு நடுவே பாய் என்றொரு சின்ன ஊர். பொழுது சாய்ந்ததும் அதன் கடைத்தெருவில் தள்ளுவண்டிகள் வரிசைகட்டிவிடும். கல்லில் வாழைப்பழ ரொட்டி புரள்கிறது. கரியடுப்பில் சோளக்கதிர் வெடிக்கிறது. ஒரு பக்கம் கிடார், ஒரு பக்கம் பேரம். அந்தக் கூட்டத்தோடு நூறு அடி நடந்தால் வேறொன்று கண்ணில் படத் தொடங்கும். ஒருத்திக்கு முழங்காலில் துணிக்கட்டு. ஒருவனுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி. இன்னொருவன் இடது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, வலது கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறான். எல்லோருக்கும் இருபது, இருபத்தைந்து வயதுதான். எல்லோரும் ஏதோ ஒரு வளைவில் வாடகை ஸ்கூட்டரோடு சரிந்தவர்கள்.

சியாங் மாய் நகரிலிருந்து பாய்க்கு வரும் 1095-ஆம் எண் சாலையில் 762 வளைவுகள். அந்த எண்ணை அச்சடித்த பனியன்கள் இதே தெருவில் விற்கின்றன. இப்படிச் சிராய்த்துக்கொண்ட தழும்புக்குப் பயணிகள் வைத்திருக்கும் பெயர் ‘தாய்லாந்து டாட்டூ’. விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். சிராய்ப்போடு தப்பித்தவர்கள் மட்டும்தான் அப்படிச் சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு, விடுதியில் ஒரே ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்து, வாரக்கணக்கில் நாடு நாடாகப் போவது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பழக்கம் என்று நெடுநாள் நினைத்திருந்தோம். இன்று பாயிலும் ஹனோயிலும் பினாங்கிலும் தமிழ் கேட்கிறது. ஐ.டி. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆனவர்கள், தேர்வு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள், கல்யாணப் பேச்சு தொடங்குமுன் ஒருமுறை தனியாகப் போய்வர வீட்டில் அனுமதி வாங்கிய பெண்கள் எனப் பலரும் கிளம்புகிறார்கள்.

காரணங்கள் எளியவை. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றது. 2024 ஜூலையில் 30 நாள் சலுகை 60 நாளாக நீண்டது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்களுக்கு விசாவை நீக்கியது. வியட்நாமின் 90 நாள் இ-விசாவை வீட்டில் உட்கார்ந்தே 25 டாலருக்கு எடுக்கலாம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மலிவு விமானங்கள். மீதி வேலையை யூடியூப் பார்த்துக்கொண்டது.

சொந்தச் சம்பளத்தில், சீட்டுப் பணத்தில், கடன் வாங்காமல் உலகம் பார்க்கும் முதல் தலைமுறை இது. அவர்கள் போகவேண்டும், இன்னும் நிறையப் பேர் போகவேண்டும். கவலை ஒன்றே ஒன்றுதான். செலவைக் குறைக்க உட்காரும்போது, ஆபத்து வந்தால் காப்பாற்றக்கூடியவை எவையோ அவைதான் முதலில் வெட்டப்படுகின்றன. இன்ஷூரன்ஸ் போகிறது. ஓட்டுநர் அனுமதி போகிறது. இரண்டு விமானங்களுக்கு நடுவே வேண்டிய அவகாசம் போகிறது. பிறகு ஏதாவது நடந்து, முகம் தெரியாத ஒருவர் தூக்கிவிட்டால் அதை அதிர்ஷ்டம் என்கிறோம். அந்த அதிர்ஷ்டத்துக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

பெயரே முதல் தடை

விபத்து வெளிநாட்டில்தான் நடக்கவேண்டும் என்பதில்லை. மீனம்பாக்கத்துச் செக்-இன் கவுன்டரிலேயே நடக்கும்.

தமிழ்நாட்டில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் ஒரே பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. ஒருவர் அங்கே அப்பாவின் பெயரைப் போடுகிறார். ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுகிறார். ஒருவர் இனிஷியலை மட்டும் தட்டிவிடுகிறார். எது சரி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே மாதிரி எல்லா டிக்கெட்டிலும் போட்டவர், மூன்றாவது நாட்டில் மூன்றாவது நிறுவனத்தின் கவுன்டரில் மாட்டுகிறார்.

2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று விதித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பின்னால் வந்தது. இடைப்பட்ட நாள்களில் குழப்பத்தைச் சுமந்தவர்களில் தென்னிந்தியர்கள் ஏராளம். வியட்நாம் இ-விசாவில் பெயரோ பாஸ்போர்ட் எண்ணோ பிறந்த தேதியோ ஓர் எழுத்து பிசகினால்கூட விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். கட்டிய கட்டணம் திரும்பாது. புது விசா சில நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் மலிவு டிக்கெட்டின் தேதி முடிந்திருக்கும்.

அடிக்கடி வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரையோ வேறொன்றையோ சேர்த்துவிடுவது நல்லது. நம் பெயரிடும் முறையில் குற்றம் எதுவும் இல்லை. வேறு ஊர்ப் பழக்கத்துக்காக வடிவமைத்த படிவத்தை நாம் நிரப்புகிறோம். அந்தப் படிவம் நமக்காக மாறும்வரை, விலையை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

“தரையிறங்க அனுமதியில்லை”

விசா வேண்டாம் என்றால் உள்ளே விடுவார்கள் என்று பொருளில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்பது நான்கே கேள்விகள். எத்தனை நாள்? எங்கே தங்குகிறீர்கள்? கையில் எவ்வளவு இருக்கிறது? திரும்பும் டிக்கெட் எங்கே? தனியாக வரும் இளைஞன், முதல் பயணம், விடுதி முன்பதிவு இல்லை, “ஃப்ரெண்டு வீட்டில் தங்குவேன்” என்ற பதில், நண்பரின் விலாசம் தெரியாத தடுமாற்றம். இவ்வளவு போதும், தனி அறைக்கு அழைத்துப்போக. அங்கிருந்து பலருக்கு ஒரே வழிதான்: தரையிறங்க அனுமதியில்லை என்ற முத்திரையோடு, வந்த நிறுவனத்தின் அடுத்த விமானத்தில் ஊருக்கு. அதுவரை பத்துப் பேர், இருபது பேர் இருக்கும் அறையில் பெஞ்சிலோ தரையிலோ காத்திருக்கவேண்டும்.

அதிகாரிகளின் சந்தேகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சுற்றுலா என்று சொல்லி அனுப்பி, அங்கே வேலைக்குச் சேர்த்துவிடும் ஏஜென்டுகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கெடுத்த பெயரை, உண்மையாகவே சுற்றிப் பார்க்க வந்த பையன் சுமக்கிறான். இது அநியாயம்தான். ஆனால் கவுன்டரில் நின்று நியாயம் பேசி வென்றவர் அபூர்வம். முதல் இரண்டு இரவுகளுக்கான முன்பதிவு, திரும்பும் டிக்கெட், வங்கிக் கணக்கின் அண்மைய அறிக்கை ஆகியவற்றை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் வெளியே வருகிறார். போனில் இருக்கிறது என்பவருக்கு, சரியாக அந்த நேரத்தில் சிக்னல் கிடைப்பதில்லை.

திருப்பி அனுப்பப்பட்டவரின் இழப்பு ஒரு டிக்கெட்டோடு முடியாது. கோலாலம்பூரிலிருந்து பாங்காக், பாங்காக்கிலிருந்து ஹனோய் என்று தனித்தனியாக வாங்கிவைத்த அத்தனையும் போகும். தனித்தனி டிக்கெட்டுகளின் குணமே அதுதான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை எடுத்து, குடிநுழைவு முடித்து, மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள் இருப்பதை, ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறவேண்டியிருக்கும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் இடையே, அன்றைய டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது. நெரிசல் நேரத்தில் அது எவ்வளவு நேரத்தில் போய்ச்சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெட்டிச் செய்தி: கிளம்பும் வாரத்தில்

மலேசியாவுக்கு 2024 ஜனவரி முதலும், தாய்லாந்துக்கு 2025 மே 1 முதலும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பவேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் பக்கம் அரசுடையது அல்ல.

பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதச் செல்லுபடி வேண்டும்.

பெரும்பாலான மலிவு விமானங்களில் கைப்பையின் எடை வரம்பு 7 கிலோ. கவுன்டரில் கட்டும் கூடுதல் எடைக் கட்டணம், முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதைவிடப் பல மடங்கு. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும்.

அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். மின்-சிகரெட் தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் குற்றம்.

தாய்லாந்தில் அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். இந்தோனேஷியாவில் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபியா.

விசா சலுகைகள் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுக்குமுன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஸ்கூட்டரின் உண்மை விலை

இந்தப் பயணங்களின் ஆபத்துகளை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் முதலில் வைப்பது திருடர்களை அல்ல, ஸ்கூட்டரை.

நாளுக்கு இருநூறு, முந்நூறு பாட்டுக்கு வண்டி கிடைக்கிறது. கடைக்காரர் லைசென்ஸ் கேட்பதில்லை. பதினாறு வயதிலிருந்து பைக் ஓட்டியவனுக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி தாய்லாந்தின் சாலைச் சாவுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்களுடையது. இன்னொன்று, நம்மைப்போல இடதுபக்கம் வண்டி ஓட்டும் நாடுகள் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேஷியா. லாவோஸிலும் கம்போடியாவிலும் வியட்நாமிலும் வலதுபக்கம். பேருந்தில் எல்லையைத் தாண்டி, மறுநாள் காலை வண்டி எடுப்பவரின் கை பழைய பக்கத்துக்கே திரும்பும். நேரான சாலையில் தெரியாது. யூ-டர்ன் எடுக்கும்போதும், ஆளில்லாத தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வரும்போதும்தான் தெரியும்.

நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகம் 1,000 ரூபாய்க்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தருகிறது, ஓராண்டுக்குச் செல்லும். கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு அது கார் ஓட்டத்தான் அனுமதி, ஸ்கூட்டருக்கு அல்ல. இந்தியா தரும் அனுமதி 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. வியட்நாம் ஏற்றிருப்பது 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. ஆகவே இந்திய அனுமதி கையில் இருந்தாலும் வியட்நாமில் நாம் லைசென்ஸ் இல்லாதவர்களே.

இதனால் என்ன ஆகும்? போலீஸ் பிடித்தால் அபராதம், அவ்வளவுதானே என்பது பலருடைய கணக்கு. உண்மையான அடி வேறிடத்தில் விழுகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியபோது நடந்த விபத்துக்குப் பயண இன்ஷூரன்ஸ் பணம் தராது. மது குடித்திருந்தாலும் தராது. ஹெல்மெட் போடாததைக் காட்டியும் மறுக்கலாம். கால் எலும்பு முறிந்து, கம்பி வைத்து அறுவைச் சிகிச்சை செய்யவேண்டிய நிலையில், தனியார் மருத்துவமனை முதலில் முன்பணம் கேட்கும். படுத்த நிலையில் ஒருவரை ஊருக்குக் கொண்டுவர விமானத்தில் பல இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் பொருத்தவேண்டும். கூடவே மருத்துவ உதவியாளர் வரவேண்டும். லட்சங்களில்தான் பேச்சு. அந்தப் பணத்துக்கு ஓடுவது பாயிலோ பாலியிலோ இருப்பவர் அல்ல, நாமக்கல்லிலோ நாகர்கோவிலிலோ இருக்கும் அவருடைய அப்பா. நகையை அடகு வைப்பவர் அம்மா. நண்பர்கள் வாட்ஸ்அப்பில் ஜிபே எண்ணைச் சுற்றுக்கு விடுகிறார்கள். மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்துப் போன பயணம், குடும்பத்தின் மூன்று வருடச் சேமிப்பை எடுத்துக்கொண்டு திரும்புகிறது.

ஓட்டத்தான் வேண்டும் என்பதில்லை. வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதைதான் இன்று பேக்பேக்கர்களின் கனவு. அங்கே உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ‘ஈஸி ரைடர்’ முறை இருக்கிறது. கூடுதல் செலவுதான். அந்தப் பாதையில் பிறந்து வளர்ந்தவரின் கை ஹேண்டில்பாரில் இருக்கும். உங்கள் கண் பள்ளத்தாக்கில் இருக்கலாம்.

விழாதவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. வண்டிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, திருப்பித்தரும்போது ‘இந்தக் கீறல் நீ போட்டது’ என்று ஆயிரக்கணக்கில் கேட்கப்படுவது. பட்டாயா, புக்கெட் கடற்கரைகளில் ஜெட் ஸ்கீ வாடகையிலும் இதே கதை பல வருடமாக நடக்கிறது. பாஸ்போர்ட்டை யாரிடமும் ஈடு வைக்கக் கூடாது. அது இந்திய அரசின் சொத்து. பணமாக ஈடு கொடுங்கள், நகலைக் கொடுங்கள். எடுப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், கடைக்காரரும் அதில் தெரியட்டும். தகராறு முற்றினால் தாய்லாந்தில் 1155 என்ற எண்ணில் சுற்றுலாப் போலீஸ் கிடைக்கும். அந்த எண்ணை நீங்கள் அழுத்துவதைப் பார்த்ததுமே பல கடைகளில் பேச்சு இறங்கிவிடும்.

பெட்டிச் செய்தி: நோட்டும் ஏ.டி.எம்.மும்

வியட்நாமின் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டுமே பிளாஸ்டிக். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். ராத்திரி டாக்சியில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் ஏறக்குறைய 1,600 ரூபாய் போய்விடும். பெரிய நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள்.

தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ கட்டணம் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவருக்கு நஷ்டம் அதிகம்.

ஏ.டி.எம். திரை ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நாணயமாற்று விகிதம் வங்கியினுடையதைவிட மோசம்.

இலவசமாக ஊற்றிக்கொடுக்கும் கோப்பை

2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் என்ற ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இருவருக்குப் பத்தொன்பது வயது. ஆற்றில் மிதப்பதற்கும் விடுதிகளின் கொண்டாட்டத்துக்கும் பெயர்போன ஊர் அது.

அந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் வாசித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அதற்கு ஐந்தே மாதம் முன்பு, அதே ஆண்டு ஜூனில், கள்ளக்குறிச்சியில் இதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. விஷம் ஒன்றே, அது வேலை செய்யும் விதமும் ஒன்றே. குடித்த அன்று சாதாரணப் போதைபோலத்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத்தான் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல். தலைவலி என்று விடுதிக் கட்டிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரைத் தின்கிறது. சீக்கிரம் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும். கூடத் தங்கியிருப்பவர் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை என்றால், அவரை எழுப்பிப் பார்ப்பதும் மருத்துவமனைக்கு இழுத்துப்போவதும் நம் கடமை. முத்திரையில்லாத பாட்டிலிலிருந்து, வாளியில் கலந்து, இலவசமாகத் தரப்படும் எதையும் தொடவேண்டாம்.

எல்லை மூடினால், எரிமலை வெடித்தால்

சில விபத்துகளுக்கு யாரும் பொறுப்பல்ல. 2024 நவம்பரில் இந்தோனேஷியாவின் ஃப்ளோரஸ் தீவில் லெவோடோபி எரிமலை சாம்பலைக் கக்கியபோது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த பாலியில் விமானங்கள் நின்றன. 2025 ஜூனில் தாய்லாந்து-கம்போடியா தகராறு முற்றி, தரைவழி எல்லைகள் மூடப்பட்டன. ஜூலையில் சண்டையே மூண்டது. பாங்காக்கிலிருந்து பேருந்தில் அங்கோர் வாட், அங்கிருந்து வியட்நாம் என்று போட்டுவைத்த மலிவுத் திட்டங்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின.

எல்லாவற்றிலும் பெரியது 2020 மார்ச். ஒரு வாரம், பத்து நாள் என்று மலேசியாவுக்குப் போன தமிழ்நாட்டுக்காரர்கள், வானமே மூடிக்கொண்டதும் அங்கேயே நின்றுபோனார்கள். மாத்திரை தீர்ந்த முதியவர்கள், அறை வாடகை கட்ட முடியாதவர்கள், கையில் இருந்த ரிங்கிட் கரைந்தவர்கள். மே மாதம் தொடங்கிய வந்தே பாரத் திட்டத்தின் ஆரம்ப விமானங்களில் ஒன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குத்தான் வந்தது. அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டதில் உள்ளூர்த் தமிழர்களின் பங்கு பெரியது.

கையிருப்பு தீர்ந்தவரைத் தேடி வேறொரு கூட்டமும் வரும். ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம், தங்குமிடம் இலவசம்’ என்று டெலிகிராமில் வரும் அழைப்பு, பாங்காக்கிலிருந்து கார் ஏற்றி, எல்லை ஊரான மே சோட் வழியாக ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகும். அங்கே வேலிக்குள் அடைத்து இணைய மோசடி செய்யவைப்பார்கள். 2022 அக்டோபரில் மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழக இளைஞர்கள் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படையின் விமானம் ஒரே நடையில் 283 இந்தியர்களை மே சோட்டிலிருந்து அழைத்துவந்தது. சுற்றுலா வந்த இடத்தில் கிடைக்கும் வேலை வேலையே அல்ல. அதை நம்பி ஓர் ஆற்றைக்கூடத் தாண்டக் கூடாது.

அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வது

இத்தனைக்கும் பிறகு, போய்வந்தவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது யாரோ செய்த உதவியைத்தான்.

நடுராத்திரி கோலாலம்பூரில் இறங்கி, விடுதிக் கதவு பூட்டியிருக்க, பையோடு தெருவில் நிற்பவருக்கு மாமாக் கடையின் வெளிச்சம் தெரியும். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் தமிழ் முஸ்லிம் உணவகம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சில ரிங்கிட்டுகள்தான். ‘ஊர்ல எங்க தம்பி?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னால், விடியும்வரை நாற்காலி உங்களுடையது. போனுக்குச் சார்ஜ் போட்டுத் தருவார்கள். எந்தப் பேருந்து, எந்தத் தெரு ஆபத்து, எந்த லாட்ஜில் ஏமாற்றமாட்டார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். பினாங்கில் நாசி கண்டார் என்ற சோற்றுக் கடைகளின் வேர் கடையநல்லூரிலும் ராமநாதபுரத்திலும் இருக்கிறது.

பாங்காக்கின் சீலோம் சாலையில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1879-இல் தமிழர்கள் எழுப்பியது. இன்று அங்கே மாலை வாங்கிக்கொண்டு நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தைக்குப் பக்கத்திலும் ஒரு மாரியம்மன். வியட்நாம் பெண்கள் ஊதுவத்தியோடு வணங்குகிறார்கள். தைப்பூசத்தன்று பினாங்கில் போய் இறங்கியவருக்கு அன்று முழுக்கச் சாப்பாட்டுச் செலவே இருக்காது. சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள், சீனர்கள் போட்ட பந்தலும் சேர்த்து. பாங்காக் பாஹுரத்தின் குருத்வாராவில் யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பயந்து பயந்து போகும் வியட்நாமில், அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாள்களில் உள்ளூர்க்காரர்களே சைவம் சாப்பிடுகிறார்கள். ‘சாய்’ என்று பலகை வைத்த கடைக்குள் தைரியமாக நுழையலாம்.

தனியாகப் போகும் பெண்களுக்கு இந்த வலையின் பயன் இன்னும் கூடுதல். பெண்களுக்கு மட்டுமான பொது அறையில், முந்தின நாள் அதே பாதையில் வந்தவள் பக்கத்துக் கட்டிலில் இருப்பாள். எந்த இரவுப் பேருந்தில் பையைத் திறந்து திருடுகிறார்கள் என்பதை எந்த வழிகாட்டியும் அவளளவுக்குச் சொல்லாது. ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் பகலில் இறங்கும் விமானத்தை எடுக்கட்டும். விலை கூடத்தான். நள்ளிரவு டாக்சியில் மிச்சமாகும் பணமும் பதற்றமும் அதைவிட அதிகம்.

இந்த உதவிகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்க்கவேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் வட்டிக்கடைக்கும் போனவர்கள், தாங்கள் ஒண்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று கட்டியவை இந்தக் கோயில்களும் மசூதிகளும் கடைகளும். இன்றைக்கு மாமாக் கடையில் தேநீரை உயர்த்தி ஆற்றுபவரும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளி. பன்னிரண்டு மணி நேர வேலை, ஒரே அறையில் எட்டுப் பேர், வீடு பார்த்து இரண்டு வருடம். அவர் காசு வாங்காமல் தள்ளிவிடும் தேநீர் அவருடைய பிழைப்பிலிருந்து வருகிறது. குறைந்த செலவில் சுற்றுவதைச் சாதனையாகப் பேசும் வீடியோக்களில், எவ்வளவு இலவசமாகக் கிடைத்தது என்ற கணக்கு இருக்கிறது. கொடுத்தவருடைய கணக்கு இருப்பதில்லை.

பாஸ்போர்ட் தொலைந்தால்

இதே கணக்கு தூதரகத்திலும் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்ப் போலீஸில் புகார் எழுதி நகல் வாங்கவேண்டும். அதோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அது ஊர் திரும்ப மட்டும் செல்லும், ஒருமுறைப் பயணத்தாள். அடுத்த நாட்டுக்குப் போக உதவாது. பிறகு அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையில் வெளியேறும் அனுமதி. எல்லாம் முடியச் சில நாள்கள் ஆகும், வாரக் கடைசியில் எதுவும் நடக்காது. பாங்காக்கில் தூதரகம் இருப்பதுபோல் சியாங் மாயிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களை மின்னஞ்சலில் போட்டுவைத்தவருக்கு வேலை பாதி முடிந்தமாதிரி. தூதரகம் பதில் சொல்லவில்லை என்றால் 2015-இல் வெளியுறவுத் துறை தொடங்கிய மதத் இணையதளத்தில் புகாரைப் பதியலாம்; வீட்டில் இருப்பவர்களும் பதியலாம்.

கையில் காசே இல்லாமல் நிற்பவருக்கு, வசதியைப் பார்த்து, தங்க இடமும் திரும்ப டிக்கெட்டும் அவசர மருத்துவமும் தர ஒரு நிதி இருக்கிறது. இந்தியச் சமூக நல நிதி, 2009-இல் தொடங்கியது. இறந்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்புவதும் இந்த நிதியிலிருந்துதான். அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது? வெளிநாட்டில் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சான்றொப்பம் வாங்கவும் தூதரகத்துக்கு வரும் இந்தியர்களிடம், ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு தொகை கூடுதலாக வசூலிக்கிறார்கள். துபாயில் கட்டடம் கட்டுபவரும் சிலாங்கூரில் பாத்திரம் கழுவுபவரும் வரிசையில் நின்று கட்டிய பணம் அது. சம்பளம் தராமல் விரட்டப்பட்ட வீட்டுவேலைப் பெண்ணுக்கும், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கும் அது முதலில் போகவேண்டும்.

தென்கிழக்காசியாவுக்கு ஒரு வாரப் பயண இன்ஷூரன்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.